செல்லோவில் புதிய இசையை மட்டும் நம்பி வாழ முடியுமா?

கேள்வி: தாழ்சுதி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. ஒன்பது வயதில் செல்லோ (முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வில்லால் வாசிக்கும், வயலின் மாதிரியான பெரிய வாத்தியம்) பிடித்தவன். இசைக் கல்லூரியில் முதுநிலை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை மூன்று ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷன்களுக்குப் போயிருக்கிறேன். முதல் இரண்டும் முதல் சுற்றோடு சரி. மூன்றாவதில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் இரண்டு சுற்றுகளையும் தாண்டிவிட்டேன். இறுதிச் சுற்றுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் மனம் வேறு எங்கோ நிற்கிறது. போன வருடம் ஒரு சிறிய கச்சேரியில், வாசிக்க வேண்டியவருக்குக் கையில் அடிபட்டதால், ஜெர்மன் இசையமைப்பாளர் ஹெல்முட் லாகன்மனின் ‘பிரஷன்’ என்னிடம் வந்தது. 1969-இல் எழுதிய தனிச் செல்லோ இசை. அதன் ஸ்கோரை, அதாவது இசை எழுதிய தாளைப் பார்த்தபோது தலை சுற்றியது. எந்தச் சுரம் கேட்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, கை எங்கே போக வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. தந்தியைத் தடவுவது, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜின் மேல் வில்லை இழுப்பது, வில்லைத் தந்தியில் அழுத்தி நசுக்குவது, இப்படியே போகிறது. இரண்டு மாதம் அதோடு இருந்தேன். கச்சேரி நடந்தது சின்ன இடம்; கேட்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். பிரிட்ஜின் மேல் வில் நகரும் மூச்சுச் சத்தத்தை அவர்கள் அசையாமல் கேட்டார்கள். பதினேழு வருட வாசிப்பில் அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததே இல்லை.

அன்றிலிருந்து, ஆடிஷனில் கேட்கும் ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோவைப் பயிற்சி செய்ய உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் கை தானாகப் பிரிட்ஜ் பக்கம் போய்விடுகிறது.

கேட்க விரும்புவது இதுதான். இந்த மாதிரிப் புதிய, பரிசோதனை இசையை மட்டும் வாசித்து யாராவது உண்மையிலேயே வாழ்கிறீர்களா? இறுதிச் சுற்றுக்குப் போகாமல் விட்டுவிடலாமா? என் ஆசிரியர், இந்த மாதிரி இசை வாசித்தால் வலது கை கெட்டுவிடும், நல்ல நாதம் போய்விடும் என்கிறார். அது உண்மையா?

பதில்: இரண்டாம் வரிசை

நான் 22 வருடமாக ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கிறேன். இறுதிச் சுற்றுக்குக் கட்டாயம் போங்கள். திரைக்குப் பின்னால் இரண்டு சுற்று தாண்டுவது சாதாரண விஷயமில்லை. நூற்றுக்கணக்கில் வந்து வாசித்தவர்களில் ஒருவராக உங்களை எடுத்திருக்கிறார்கள்.

மாதச் சம்பளம், உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு, ஓய்வுக்காலத்துக்குக் கொஞ்சம் பணம். இவை இருந்தால் மனம் எவ்வளவு லேசாக இருக்கும் என்பது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்ததும் புதிய இசைக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குவேன் என்று நானும் சொன்னேன். முதல் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு புதிய படைப்பைத்தான் வாசித்தேன். ஆர்க்கெஸ்ட்ரா வேலை நேரத்தைத் தின்பதை விடக் காதைத் தின்னும். மாலை முழுக்கப் பத்துச் செல்லோக்களோடு ஒன்றாகக் கரைந்து வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உங்கள் குரலைத் தனியாகத் தேட உடம்பில் தெம்பு இருக்காது. அந்தத் தெம்பைக் காப்பாற்றத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பதில்: நாலு தந்தி

எனக்கு 54 வயது. முப்பது வருடத்துக்கும் மேலாகப் புதிய இசைதான் வாசிக்கிறேன். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: வாழ்கிறேன். ஆனால் என் வருமானத்தில் பாதிக்கு மேல் கற்பித்தலில் வருகிறது. அடுத்தது, நான் இருக்கும் சிறிய குழுவின் கச்சேரிகள். தனியாக மேடையில் உட்கார்ந்து வாசிப்பதில் வருவது மிச்சம் மீதிதான். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கற்பிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் கணக்குத் தெரியாமல் இறங்கக் கூடாது.

கை கெடுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இசையால் கை கெடாது, தவறாகப் பயிற்சி செய்தால் கெடும். வில்லை அழுத்தி அரைக்கும் இடங்களைத் தோளால் அழுத்தினேன், அதுவும் தினம் மூன்று மணி நேரம். 31 வயதில் ஏழு மாதம் வாசிக்க முடியாமல் கிடந்தேன். எடை கையிலிருந்து தானாக விழ வேண்டும், தோள் அதற்கு வழிவிட்டால் போதும். இந்த மாதிரி பகுதிகளை ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடாதீர்கள். அப்புறம், வில்லின் கட்டையால் தந்தியைத் தட்ட வேண்டிய இடங்களுக்கு நல்ல பெர்னம்புகோ மர வில்லை எடுக்கவே எடுக்காதீர்கள். வார்னிஷ் போய்விடும். அதற்கென்று ஒரு கார்பன் ஃபைபர் வில் தனியாக இருக்கட்டும்.

‘நல்ல நாதம் போய்விடும்’ என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பாக் எழுதிய ஐந்தாம் செல்லோ ‘சூட்’ என்ற தொகுப்பில் மேல் தந்தியை ஏ-விலிருந்து ஜி-க்கு இறக்கச் சொல்லியிருக்கிறது. கோடாய் 1915-இல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டாவில் கீழ் இரண்டு தந்திகளையும் அரைச் சுரம் இறக்க வேண்டும். அதற்கப்புறம் வந்த ஜெனாகிஸ், ‘நோமோஸ் ஆல்ஃபா’வில் சி தந்தியை ஒரு முழு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கச் சொன்னார். தந்தி தொளதொளவென்று தொங்கும், அதிலும் நாதம் எடுக்க வேண்டும். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்ந்த வேலை இது. உங்கள் ஆசிரியர் கற்றுக்கொடுத்த வலது கை இல்லாமல் அந்தத் தொங்கும் தந்தியில் எதுவும் பிறக்காது.

‘நோமோஸ் ஆல்ஃபா’வை 1966-இல் ப்ரேமனில் முதன்முதலில் வாசித்தவர் சீக்ஃப்ரீட் பாம். அவரைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. லிகெட்டியின் செல்லோ கான்செர்ட்டோவும் பெண்டெரெட்ஸ்கியின் சொனாட்டாவும் அவர் கையில்தான் முதலில் ஒலித்தன. லிகெட்டியின் கான்செர்ட்டோ கேட்டிருப்பீர்கள். ‘மென்மையாக’ என்று பொருள்படும் பியானோ குறியை எட்டு முறை போட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சுரத்தில் தொடங்கும். இவ்வளவையும் செய்த காலத்தில் அவர் என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? 1947 முதல் 1962 வரை ஹாம்பர்க் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவில், பிறகு 1968 வரை கொலோன் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவில், முதல் செல்லோ. ஆகவே ஆர்க்கெஸ்ட்ராவா பரிசோதனையா என்ற கேள்வியே எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுவதில்லை.

செல்லோ கலைஞர் ரோஹன் டி சேரத்தின் வழி வேறு. பெற்றோர் இலங்கையர், அவர் பிறந்தது 1939-இல் ஷெஃபீல்டில். செல்லோ மேதைகளான காசாதோவிடமும், பிறகு போர்ட்டோ ரிக்கோவில் பாப்லோ காசால்ஸிடமும் படித்தவர். எந்தப் பெரிய மேடையிலும் ஹைடன், த்வோர்ஷாக் என்று வாசித்தே காலம் தள்ளியிருக்கலாம். அவரோ ஆர்டிட்டி குவார்ட்டெட் என்ற நால்வர் தந்திக் குழுவில் சேர்ந்து, 2005 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் புதிய இசைக்குள்ளேயே இருந்தார். இலங்கையின் கண்டி மேளமும் வாசிப்பார். அதைக் கேட்டுத்தான் இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ 2002-இல் அவருக்காக எழுதிய ‘செக்வென்சா 14’-இல் மேளத் தாளத்தைச் செல்லோவின் உடம்பில் இறக்கி வைத்தார். வலது கை மரத்தில் தட்டும், இடது கை விரல்கள் தந்தியை அறையும். மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தொடக்கம் புரிய விளக்கம் எதுவும் வேண்டாம். 2024-இல் அவர் காலமான செய்தி வந்த இரவு அந்தத் தொடக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த இருவரையும், இன்னும் சிலரையும் பார்த்து நான் கற்றதை ஒரே வரியில் சொல்கிறேன். புதிய இசையில் ஒரு வாழ்க்கை அமைவது, எத்தனை படைப்புகளை முதன்முதலில் வாசித்தீர்கள் என்பதால் அமைவதில்லை. எதை விடாமல் வைத்துக்கொண்டீர்கள் என்பதால்தான் அமைகிறது.

விழாக்காரர்கள் முதல் அரங்கேற்றத்தைத்தான் கேட்பார்கள். மானியமும் பெரும்பாலும் அதற்குத்தான் கிடைக்கும். இருபதுகளில் நான் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புதிய படைப்புகள் வாசித்தேன். ஸ்கோர் மூன்று வாரத்துக்கு முன் வரும், ராத்திரி பகலாக உட்காருவேன், ஒரே ஒரு முறை வாசிப்பேன், அலமாரியில் வைப்பேன். அவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு ஒலிக்கவே இல்லை. அந்த இசையமைப்பாளர்களுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு படைப்பை நான்காவது முறை வாசிக்கும்போதுதான் அது என்ன கேட்கிறது என்பதே எனக்குப் புரியத் தொடங்கும்.

செல்லோ கலைஞர் ஷார்லட் மூர்மன் 1963-இல் நியூயார்க்கில் அவான்ட் கார்ட் (புதுமைக் கலை) விழாவைத் தொடங்கி, 1980 வரை பதினைந்து முறை நடத்தினார். படகிலும் ரயில் நிலையத்திலும் விளையாட்டு அரங்கத்திலும்கூட நடத்தினார். 1967-இல் நாம் ஜுன் பைக்கின் படைப்பை மேலாடை இல்லாமல் வாசித்தபோது கைதானதையே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஜான் கேஜ் ஒரு தந்தி வாத்தியக் கலைஞருக்காக எழுதிய ஒரு படைப்பை அவர் தன் வாழ்நாள் முழுக்க வாசித்தார். அந்த ஸ்கோர் முழுக்கத் தன் குறிப்புகளால் நிரப்பி, வருடத்துக்கு வருடம் மாற்றிக்கொண்டே போனார். பிரான்சிஸ் மரி உயிட்டியைப் பாருங்கள். ஒரே கையில் இரண்டு வில் பிடித்து, ஒன்றைத் தந்திகளுக்கு மேலும் ஒன்றைக் கீழும் ஓடவிட்டு, நான்கு தந்திகளையும் ஒருசேர ஒலிக்க வைக்கும் முறையை 1970களில் உருவாக்கினார். ஒரு நாள் வித்தையாக அது முடிந்திருக்கலாம். அவர் விடவில்லை. கூர்டாக் மாதிரியான ஒரு பெரிய இசையமைப்பாளர் அந்த இரண்டு வில்லுக்கென்றே எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது.

என் கதைக்கு வருகிறேன். என் செல்லோவில் ஜி தந்தியின் நான்காம் பொசிஷனில், எஃப் இருக்கும் இடத்தில், ஒரு மோசமான வுல்ஃப் நோட் உண்டு. தந்தியின் அதிர்வும் உடம்பின் அதிர்வும் அந்த இடத்தில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சண்டை போட, சுரம் நிற்காமல் உறுமும். பிரிட்ஜுக்கும், தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில் பித்தளைக் குழாய் மாட்டி, முழங்காலால் பக்கப் பலகையை அழுத்தி, பல வருடம் அதை மறைத்தே வாசித்தேன். ஒரு நாள் என் வயதையொத்த இசையமைப்பாளர் ஒருவர் எங்கள் ஒத்திகை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தவறுதலாக அந்த எஃப் உறுமியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து வந்து செல்லோவின் முதுகில் காதை வைத்துக்கொண்டு, ‘நிறுத்தாதீர்கள்’ என்றார். அந்தப் பித்தளைக் குழாயை அன்றைக்கே கழற்றினோம்.

அந்த ஒரு சுரத்தில் 14 நிமிடத்துக்கு ஒரு படைப்பு எழுதினார். இதுவரை நாற்பது முறைக்கு மேல் வாசித்திருக்கிறேன். ஒரு தடவை ஈரம் அதிகமான அரங்கம். மேடையில் உட்கார்ந்து விரலை வைத்தால் உறுமல் அந்த இடத்தில் இல்லை. கால் சுரம் கீழே நகர்ந்திருந்தது. கேட்பவர்கள் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, விரலை ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக இறக்கினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. முதலில் விரல் நுனியில் ஒரு நடுக்கம், அப்புறம் மார்பெலும்பில், அப்புறம்தான் காதில். இப்போது அந்தத் தேடலே படைப்பின் தொடக்கமாக ஸ்கோரில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் அரங்கேற்றத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த ஒரு நிமிடம் எங்கள் இருவருக்கும் கிடைத்தே இருக்காது.

பதில்: சுற்றுப்பாதை

ஒலிபெருக்கி பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நான் செல்லோவோடு லூப் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவது) வைத்து வாசிப்பவன். ஸோயி கீட்டிங் இந்த வழியில் பலருக்கும் தெரிந்த பெயர். செல்லோ, கணினி, காலால் இயக்கும் கருவி, இவற்றை வைத்துக்கொண்டு தன்னையே அடுக்கடுக்காகச் சேர்த்து வாசிப்பார். நிறுவனம் எதையும் நம்பாமல் தானே வெளியிட்டு, அதில் எங்கிருந்து எவ்வளவு பணம் வந்தது என்ற கணக்கையும் பொதுவில் வைத்தவர். இந்தத் துறையில் அப்படிச் செய்பவர்கள் அபூர்வம். இறங்குவதற்கு முன் தேடிப் படியுங்கள்.

ஹில்டுர் குட்னடோட்டிரும் செல்லோக்காரர்தான். 2020-இல் ‘ஜோக்கர்’ பட இசைக்கு ஆஸ்கர் வாங்கினார். அதற்கு முன் பல வருடம் சிறிய மேடைகளில், ஹல்டோரோஃபோன் என்ற, தன் ஒலியையே மறுபடி வாங்கித் தந்தியை அதிர வைக்கும் வாத்தியத்தோடு உழைத்திருக்கிறார்.

மைக் விஷயத்தில் ஒன்று. பிரிட்ஜில் ஒட்டும் பியெசோ (அதிர்வை வாங்கும் சிறு கருவி) மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். தந்தி ஒலி வரும், மரத்தின் ஒலி வராது. வெளியே ஒரு மைக்கும் சேர்த்து இரண்டையும் கலந்தால்தான் செல்லோ செல்லோவாக இருக்கும். கருவி வாங்கும் ஆசை வந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். நான் முதல் இரண்டு வருடத்தில் வாசித்ததை விட ஒயர் சொருகியதுதான் அதிகம்.

தாழ்சுதி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாலு தந்தி அக்கா (அக்கா என்று கூப்பிடலாம்தானே?), உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். அப்படி ஒரு இசையமைப்பாளரை எங்கே தேடுவது? எனக்காக எழுதுங்கள் என்று யாரிடமாவது கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பெயர் இல்லாத எனக்கு யார் எழுதுவார்கள்?

நாலு தந்தி

தாராளமாகக் கூப்பிடுங்கள் தம்பி.

எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். செல்லோவை எடுத்துக்கொண்டு போய், ‘இரண்டு மணி நேரம் இருக்கிறது, என் வாத்தியத்தில் எது வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள். உங்கள் வயதுக்காரர்களிடம் போங்கள். உங்களோடு கல்லூரியில் படித்தவர்களில் நான்கு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் மானியத்தை விடப் பெரியது. ஏனென்றால் பலர் செல்லோவைக் கணினியில்தான் கேட்டு எழுதுகிறார்கள். வில்லின் நுனியில் எவ்வளவு பலம் இருக்கும், சி தந்தி பேசத் தொடங்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கையருகில் பார்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு நன்றாக வருவதைக் காட்டி அசத்தப் பார்க்காதீர்கள். உங்கள் செல்லோவில் எது சரியாக வராதோ அதைக் காட்டுங்கள்.

இறுதிச் சுற்றுக்குப் போங்கள். ஹைடனை மனசார வாசியுங்கள், கடமைக்காக வேண்டாம். வேலை கிடைத்தால், இரண்டாம் வரிசை அண்ணன் சொன்ன அந்தக் காது விஷயத்தை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்குப் போகும் முன், காலையில் அரை மணி நேரம் உங்களுக்கென்று வைத்துக்கொண்டால் போதும், மாலையை நம்ப வேண்டாம். கிடைக்காவிட்டாலும் அதே அரை மணி நேரம்தான்.

ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் செல்லோவிலும் வுல்ஃப் இருக்கும், இ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்குள் எங்கேயாவது. குழாய் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். ஒரு வாரம் காலையிலும் இரவிலும் அது எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு இங்கே வந்து சொல்லுங்கள்.

தாழ்சுதி

அக்கா, ஒரு வாரம் ஆகிவிட்டது. முதல் நான்கு நாள் காலையில் எஃப் ஷார்ப்புக்குச் சற்றுக் கீழே, இரவில் கிட்டத்தட்ட அதே இடம். ஐந்தாம் நாள் மழை. எஃப்பையும் தாண்டி இறங்கி நின்றது. இத்தனை வருடமாக அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நேற்று கல்லூரித் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டேன். இசையமைப்பு படித்தவள். செல்லோவின் முதுகில் காதை வைக்க நான் சொல்லவில்லை, அவளாகவே வைத்தாள். இரண்டு மணி நேரம் என்று தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருகிறாள். ஆடிஷன் அதற்கு மறுநாள்.